சீரில்லாமல் துடிக்க ஒரு மன்றாட்டு

காலையில் விழித்ததும் ஐந்து நிமிடம் நான் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். கோப்பி குடிக்கக் கூடாது. பேசக் கூடாது. நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை. அதன் நடுவில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கருவி. என் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் அது பிடித்து, தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் கைப்பேசிக்கு அனுப்பும். காயம்பட்ட இராணுவத்தினரின் உடம்பு எப்படி மீண்டு வருகிறது என்று பார்க்கும் பல்கலைக்கழக ஆய்வு அது. பெயர் கொடுக்கிறாயா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். படுத்துக் கிடப்பதுதானே என்று கொடுத்துவிட்டேன்.

எனக்கு அது சிரமமாகவே தெரியவில்லை. நான் பேச்சு குறைந்தவன். முகாமில் மற்றவர்கள் சாப்பாட்டு மேசையில் கத்திக்கொண்டிருக்கும்போது நான் ஒரு புத்தகத்தோடு லோரிக்குள் உட்கார்ந்திருப்பேன். யாரும் பேசாத நேரம் எனக்கு நிழல் மாதிரி. அதில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

சிரமப்பட்டவர் அம்மாதான். ரோசம்மா என்று பெயரைச் சொன்னாலே எங்கள் ஊர் பீடோங் சந்தையில் மீன் கடைக்காரர்கள் தராசைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு குரல். விபத்துக்குப் பிறகு அந்தக் குரல் வீட்டுக்குள் நுழையவே இல்லை. நான் நடக்கும் வழியில் நின்றால் சுவரோரம் ஒதுங்குவார். பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல் வைப்பார். இந்தக் கருவி வந்த பிறகு இன்னும் மோசம். பக்கத்து வீட்டு வீரசாமி மாமாவின் சேவல் இரவில் கூடையால் மூடப்பட்டது. காலையில் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்றுக்கொண்டு வரும் பாயிடம் அம்மா என்ன சொன்னாரோ, எங்கள் வீட்டு வரிசை வந்ததும் அவர் ஹாரன் அடிக்காமல், இன்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே எங்கள் வாசலைக் கடந்து போனார். ரொட்டி வாங்க வேண்டியவர்களும் சைகையில் வாங்கினார்கள்.

நான் அதையெல்லாம் எனக்குக் கிடைத்த வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

விபத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மழை, மலைப்பாதை, பயிற்சி லோரி. ஓட்டியவன் புதிதாகச் சேர்ந்த ஒருவன். நான் பக்கத்து இருக்கையில். வளைவுக்கு முன்னால் அவன் கைகளைப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை அப்படியே இறுக்கிப் பிடித்திருந்தான். தளர்த்து என்று நான் சொல்லவில்லை. அவனுக்குச் சிராய்ப்புதான். எனக்கு இடுப்பும் இடது காலும். இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து நான் ஒரு வண்டியும் ஓட்டவில்லை.

முகாமில் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் என்னை ஓய்வில் அனுப்பிவிடுவார்கள். அதை முடிவு செய்யும் மருத்துவக் குழு அடுத்த மாதம் கூடவிருந்தது. மேஜர் டாக்டர் என் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "கால் இறங்கிவிட்டது, கோப்ரல். இதயம் இன்னும் அந்த லோரியிலேயே உட்கார்ந்திருக்கிறது." எனக்குத் தூக்கம் சரியில்லை, கதவு அடித்தால் வியர்க்கிறது. ஆய்வு வேறு, மருத்துவக் குழு வேறு என்றாலும், நான் சம்மதித்தால் அந்த எண்களையும் பார்ப்பதாகச் சொன்னார். சம்மதித்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு எந்த வேலையிலும் நான் என்னை நினைத்துப் பார்த்ததே இல்லை.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து எண்களைப் பார்ப்பவள் மெலிசா. கூலிம் ஊர்ப் பெண். ஆய்வு உதவியாளர். மூச்சு விடாமல் பேசுவாள்.

"ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்கிற நேரத்தைத்தான்ணே நாங்க அளக்கிறோம். அது ஒரே அளவா இருக்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது கொஞ்சம் வேகமா, விடும்போது கொஞ்சம் மெதுவா, அப்படி மாறிக்கிட்டே இருக்கணும். உடம்பு நிம்மதியா இருந்தா நல்லா மாறும். பயத்துல இருந்தா கடிகாரம் மாதிரி ஒரே சீரா அடிக்கும்."

"கடிகாரம் கூடாதா?"

"கூடாதுலா. இந்த மாற்றத்தோட அளவு உங்களுக்கு இப்ப பதினெட்டு. இந்த வயசுக்கு முப்பது, நாப்பது இருந்தா நல்லது."

அவள் சொன்னதும் எனக்குச் சட்டென்று புரிந்தது, வேறு வழியாக. நல்ல ஓட்டுநரின் கைகள் சும்மா இருப்பதே இல்லை. நேர்ச் சாலையிலும் ஸ்டீயரிங் ஒரு விரல் அளவு இந்தப் பக்கம், ஒரு விரல் அளவு அந்தப் பக்கம் அசைந்துகொண்டே இருக்கும். சாலை சொல்வதைக் கை கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆடாமல் அசையாமல் பிடித்திருப்பவன்தான் பயந்தவன்.

நான் பட்டையைக் கழற்ற அறைக்குள் போயிருந்தபோது அம்மா சமையலறையிலிருந்து வந்திருக்கிறார். மெலிசாவின் திரையில் கோடுகள். அம்மாவின் அடங்கிய குரல் கேட்டது.

"என்னம்மா இது, ஒன்னு மாதிரி இன்னொன்னு இல்ல?"

"ஆமா ஆன்ட்டி, ஒவ்வொன்னும் வேற வேற அளவு!" மெலிசா உற்சாகமாகச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டாள்.

நான் வெளியே வந்தபோது அம்மா மாதா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வழக்கமான ஜெபம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்றாட்டு வாசிப்பது எங்கள் அன்பியத்தின் முறை. வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கும் எங்கள் பகுதிக் குழுவுக்குத் தலைவர் ரோனால்ட் அண்ணன். மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவருக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. மன்றாட்டு வாசிக்கும்போது நாட்டுத் தலைவர்கள், நோயாளிகள், தேர்வு எழுதும் மாணவர்கள் எல்லோரையும் முடித்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"நாட்டுக்காகக் காயப்பட்ட எங்கள் சகோதரர் அட்ரியனின் இதயம், தாறுமாறாகத் துடிக்காமல், கடிகாரம் போல ஒரே சீராகத் துடிக்க வேண்டுமென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்."

கோயில் முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. முன்னூறு பேர் என் இதயத்தைக் கடிகாரமாக்கும்படி கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் என் மனைவி கேரன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அவளுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து, பின்னால் இருந்த கிழவர் அழுகிறாள் என்று நினைத்து அவளுக்குக் கைக்குட்டை நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் அம்மா விபத்துக்குப் பிறகு முதல்முறையாக அன்று மீன் குழம்பு வைத்தார். "சாமி கேட்டுக்கிட்டாருடா" என்றார். கேரன் என்னைப் பார்த்தாள். நான் குழம்பைப் பார்த்தேன்.

செய்தி எல்லைகளைத் தாண்டிப் போனது. மறுநாள் மளிகைக் கடையில் வீரசாமி மாமா என் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு, "முருகன்கிட்டயும் சொல்லிட்டேன். வாரா வாரம் அர்ச்சனை. பாரு, புது இன்ஜின் மாதிரி ஓடும்" என்றார்.

அடுத்த வாரம் மெலிசா வந்து திரையைத் தட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"என்னண்ணே, பதினஞ்சுக்கு இறங்கியிருக்கு?"

அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள் கேரன். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் இரவு ஷிப்ட். கழுத்தில் அடையாள அட்டையோடு நாற்காலியில் விழுந்தவள், "இறங்காம என்ன செய்யும்? முன்னூறு பேரு சேர்ந்துல்ல கேட்டாங்க!" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சிரித்துத் தீர்த்தாள். மெலிசாவுக்கு விஷயம் புரிய, அவளும் சேர்ந்துகொண்டாள்.

அம்மாவுக்கு மெலிசாவே உட்கார வைத்து விளக்கினாள். அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அப்ப, நான்தான் இறக்கிட்டேனா?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி. ரெண்டு மூனு ஏறும் இறங்கும், சாதாரணம். ஜெபத்தால எல்லாம் ஒன்னும் ஆகாது."

அம்மா நிமிர்ந்தார். "ஜெபத்தால ஒன்னும் ஆகாதா? நீ எந்தக் கோயில் பிள்ளை?"

மெலிசா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அன்று மாலையே அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ரோனால்ட் அண்ணனின் பட்டறைக்குப் போனார். அவர் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அடியில் கிடந்தார்.

"ரோனால்ட் தம்பி, அந்த ஜெபத்தைத் திருப்பி எடுக்கணும்."

"எந்த ஜெபம்க்கா?"

"என் மவன் இதயம் சீரா துடிக்கக் கூடாது. தாறுமாறாத்தான் துடிக்கணும்."

அவர் மெல்ல வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, முதலில் அம்மாவையும் பிறகு என்னையும் பார்த்தார். "தம்பி, வீட்டுல ஏதும் சண்டையா?"

நான் ஸ்டீயரிங் கதையைச் சொன்னேன். அவருக்கு அது உடனே பிடித்துவிட்டது. "சரிதான். ரப்பர் பால்காட்டுப் பாதையில ஹேண்டில இறுக்கிப் பிடிச்சவன்தான் முதல்ல விழுவான். ஆனா அக்கா, இத எப்படிக் கோயில்ல வாசிக்கிறது? 'சகோதரர் அட்ரியனின் இதயம் ஏறுமாறாகத் துடிக்க'ன்னு நான் வாசிச்சா, ஃபாதர் என்னையில்ல அன்பியத்துல இருந்து தூக்கிருவாரு!"

"கெடுத்தது நீ. நீயே சரி பண்ணு."

"எழுதிக் கொடுத்தது நீங்க!"

"வாசிச்சது யாரு?"

வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் முடிவானது இதுதான்: கோயிலில் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். மறுநாள் சனிக்கிழமை காலை நான் கருவியைக் கட்டிக்கொள்ளும் நேரத்துக்கு அன்பியம் வரும். நான் படுத்து முடிக்கும்வரை சத்தம் இல்லாமல் காத்திருந்து, பிறகு ஜெபமாலை சொல்லும். திருத்திய கருத்தோடு. வீரசாமி மாமாவும் தன் பங்குக்குக் கோயிலில் பேசிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். முருகனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, அவர் வேல் பிடித்த இராணுவக்காரர், தானாகப் புரிந்துகொள்வார் என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் பதினைந்து பேர் வந்தார்கள். செருப்புகளை வாசலில் கழற்றிவிட்டு, கூடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் முக்காடு போட்டிருந்தார்கள். அம்மா விரலை உதட்டில் வைத்தார். யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. அறைக்கதவு பாதி திறந்திருந்தது. நான் பட்டையைக் கட்டிக்கொண்டு, வெள்ளைப் போர்வை விரித்த கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடினேன்.

கூடத்தில் பதினைந்து பேர் இருந்தும் ஒரு சத்தமும் இல்லை. இப்படி ஓர் அமைதி எனக்குப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கோ கேட்ட அமைதி. எங்கே?

வெளியே ரொட்டி பாயின் வண்டிச் சக்கரம் உருளும் ஓசை. எங்கள் வாசலில் வந்ததும் நின்றது. பாய் பார்த்தது இதுதான் என்று பிறகு சொன்னார்கள்: வாசல் நிறையச் செருப்பு. உள்ளே முக்காடு போட்ட பெண்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பேச்சு இல்லை. பாதிக் கதவு வழியே, கட்டிலில் கால் நீட்டிய நான்.

பாய் தொப்பியைக் கழற்றினார். வாசலோரம் இருந்த ரோனால்ட் அண்ணனிடம் குனிந்து, தழுதழுத்த குரலில் கேட்டார்.

"எப்பங்க அடக்கம்?"

ரோனால்ட் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் கம்பெனி பஸ் தெருமுனையில் கேரனை இறக்கிவிட்டுப் போயிருந்தது. முந்தின நாள் நாங்கள் பட்டறையிலிருந்து திரும்புவதற்குள் அவள் வேலைக்குப் போய்விட்டாள், இரவு ஷிப்ட்டில் கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். அன்பியம் வருவது அவளுக்குத் தெரியாது. செருப்புகளைப் பார்த்தாள். தொப்பியைக் கையில் பிடித்திருந்த பாயைப் பார்த்தாள். பையை அங்கேயே போட்டுவிட்டு, "அட்ரியன்!" என்று தெருவே அதிர ஓடி வந்தாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

கூடத்தில் இருந்த ஒரு பெண்மணி அலறிவிட்டார். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்தவர், தெரிந்தும் அலறினார். கேரன் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், நெஞ்சிலிருந்த பட்டையைப் பார்த்தாள், பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் இங்க என்ன செய்றீங்க?"

"ஷ்ஷ்" என்றார் ரோனால்ட் அண்ணன். "அளந்துக்கிட்டிருக்காங்க."

அவ்வளவுதான். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. கேரன் கட்டிலில் வந்து விழுந்து என்னை இரண்டு அடி அடித்தாள். அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. இதையெல்லாம் தாண்டி வாசலில் ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரலை நான் பல மாதங்களாகக் கேட்கவில்லை.

"யோவ் பாய்! அடக்கமா? என் பிள்ளை நல்லா குத்துக்கல்லு மாதிரி இருக்கான்யா! காலங்காத்தால வாயில என்ன வார்த்தை வருது? ஹாரன் அடிக்காம திருடன் மாதிரி யாரு உன்னை வரச் சொன்னது?"

"நீங்கதான்க்கா சொன்னீங்க!"

"நான் சொன்னா? உனக்கு அறிவு வேணாம்?"

கூடையின் கீழ் இருந்தபடியே வீரசாமி மாமாவின் சேவல் கூவியது.

எங்கே கேட்ட அமைதி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது சாவு வீட்டு அமைதி. நான் மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாளிலிருந்து இந்த வீடு அந்த அமைதியில்தான் இருந்தது. ஒவ்வொருவரும் என்னைச் சுற்றி நுனிக்காலில் நடந்தார்கள், நான் எந்த நேரமும் உடைந்துவிடுவேன் என்பதுபோல. நானும் அதற்குள் படுத்துக்கொண்டு, என் வழக்கமான நிழல் என்று நினைத்திருந்தேன். என்னுடைய அமைதி வேறு. அது மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது லோரிக்குள் உட்கார்ந்திருப்பது. சுற்றிலும் சத்தம் இருந்தால்தான் அதற்கு ஓர் உள்பக்கம் உண்டு.

ரொட்டி பாய்க்கும் கோப்பி கொடுத்தார்கள். பிறகு ஜெபமாலை தொடங்கியது. மறுபடியும் அளக்கலாம் என்று நான் பட்டையோடு படுத்தேன். ரோனால்ட் அண்ணன் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொன்னார்கள். ஏறி இறங்கும் அந்த ஓசையோடு என் மூச்சும் ஏறி இறங்கியது. எனக்குத் தெரியாமலே தூங்கிவிட்டேன். விழித்தபோது கூடத்தில் யாரும் இல்லை. சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. எனக்கு வியர்க்கவில்லை.

மெலிசா வந்து பார்த்தபோது முதல் அளவில் ஓரிடத்தில் கோடு திரையை விட்டே வெளியே போயிருந்தது. "இது என்னண்ணே?"

"அது கேரன்" என்றேன்.

இரண்டாவது அளவு நாற்பத்தொன்று. அம்மா அதைக் கேட்டு மெலிசாவைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

"இத கணக்குல சேர்க்க முடியாது ஆன்ட்டி" என்றாள் மெலிசா, பாவம். "ஜெபத்தோட சேர்ந்து மெதுவா, நீளமா மூச்சு விட்டிருக்காங்க. அப்படி விட்டா எண் ஏறும். இயல்பா விடும்போது என்ன வருதுன்னுதான் பார்க்கணும்."

"அப்ப ஜெபத்தால ஏறுச்சு."

"மூச்சால ஏறுச்சு."

"மூச்சு எதால மாறுச்சு?"

மெலிசா தன் திரையை அணைத்தாள். பிறகு அம்மா நீட்டிய கோப்பியை வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு சேவலின் கூடை எடுக்கப்பட்டது. பாய் எங்கள் வாசலில் மட்டும் இரண்டு தடவை ஹாரன் அடித்தார், பழிவாங்குவது போல. அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்கு வெளியே அம்மா தொலைபேசியில் மீன் விலையைப் பற்றிச் சண்டை போடுவார். நான் கண்ணை மூடி, அந்தச் சத்தத்துக்கு உள்பக்கம் படுத்திருப்பேன். எண்கள் ஒரே நாளில் ஏறவில்லை. இருபது, பத்தொன்பது, இருபத்து மூன்று என்று தயங்கித் தயங்கி ஏறின. தூக்கம் அவற்றுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

மருத்துவக் குழு கூடிய நாளில் கேரன் காரை ஓட்டினாள். அம்மா வெளியே மரத்தடியில் ஜெபமாலையோடு உட்கார்ந்துகொண்டார். உள்ளே மூன்று அதிகாரிகள். காலைப் பார்த்தார்கள், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். மேஜர் தன் கணினியில் என் எண்களை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார். கடைசி வாரச் சராசரி முப்பதைத் தொட்டிருந்தது.

"எண்ணை மட்டும் பார்த்து நாங்கள் முடிவு செய்வதில்லை, கோப்ரல்" என்றார். "பயிற்சி லோரியில், பக்கத்து இருக்கையில் மறுபடியும் உட்கார முடியுமா?"

அந்த வளைவை நினைத்துப் பார்த்தேன். மழை, அந்தக் கைகள். நெஞ்சு வேகமாக அடித்தது. பிறகு, யாரும் சொல்லாமல், தானாகவே மெதுவானது.

"முடியும், துவான். இந்தத் தடவை வளைவுக்கு முன்னாடியே பேசுவேன்."

மேஜர் மற்ற இருவரையும் பார்த்தார். அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேரச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை.

வெளியே வந்து கேரனிடம் சாவிக்காகக் கையை நீட்டினேன். அவள் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்குப் போனாள். அம்மா பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினார், மிக மெதுவாக.

முகாம் வாயிலைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையில் திரும்பினேன். எதிரே ஒரு லோரி வந்து கடந்து போனது. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா இரண்டு கைகளாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக மூடியிருந்தார். கேரனும் பேசவில்லை. காருக்குள் அந்த அமைதி மெல்ல ஏறி வந்து உட்காரப் பார்த்தது.

"அம்மா, ஏதாச்சும் பேசுங்கம்மா" என்றேன்.

"பேசலாமா?"

"பேசுங்க."

"அப்ப கேட்குறேன். ஸ்டீயரிங்க ஏன்டா இப்படி ஆட்டிக்கிட்டே வர்ற? நேரா, இறுக்கிப் பிடி!"

"இறுக்கிப் பிடிக்கக் கூடாதும்மா."

அம்மா என் கைகளைப் பார்த்தபடியே கொஞ்ச தூரம் வந்தார். பிறகு கேரனின் தோளைத் தட்டினார்.

"ரோனால்டுக்கு ஒரு போன் போடு. நேத்து ராத்திரி, இவன் ஸ்டீயரிங்க அசையாம நேரா பிடிக்கணும்னு ஒரு ஜெபம் எழுதிக் கொடுத்துட்டேன்."